வேலை கிடைக்க எத்தனை நாள்?

கமுதியிலுள்ள ஒரு பள்ளிவாசல். அஸர் தொழுகை முடிந்ததும் ஹவுளின் ஓரத்தில் நாலைந்து பேர் அமர்ந்து பேசிக் கொண்டிருப்பது வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சபுராளி எவராயினும் அந்த இடத்தைத் தாண்டிச் செல்லும்போது ஒரு கேள்வியைச் சந்தித்தே தீரவேண்டும். வந்த முதல் வாரத்தில் "எப்போ வந்தீங்க?" என்று கேட்பார்கள். அதில் அன்பு இருக்கும். ஒரு மாதம் கழிந்ததும் "எப்போ பயணம்?" என்பார்கள். மூன்று மாதம் சென்றுவிட்டால் "இன்னும் போகலையா?" என்பார்கள். ஆறு மாதம் ஆகிவிட்டால் எவரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் பார்ப்பார்கள். அந்தப் பார்வை கேள்வியைக் காட்டிலும் கொடியது.

2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் வளைகுடாவில் வேலை இழந்து ஊர் திரும்பிய சகோதரர் ஒருவரை நான் அறிவேன். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பண்டகசாலையில் கணக்குப் பார்த்தவர். நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். ஊருக்கு வந்த புதிதில் முன் ஸஃப்பில் நின்று தொழுது வந்தார். நாளாக ஆக, இமாம் தக்பீர் கட்டிய பிறகு வந்து கடைசி ஸஃப்பில் சேர்ந்து, ஸலாம் கொடுத்த மறுகணம் செருப்பைத் தேடிப் போகிறவராக மாறினார். துஆவுக்குக்கூட அவர் நிற்பதில்லை. இதனை நான் கவனித்தது மிகவும் தாமதமாகத்தான். அவரிடம் "எப்போ பயணம்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு முறையல்ல, மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் மாலை குண்டாற்றுக் கரைப் பக்கம் அவரே என்னை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க கிதாபு பார்க்கிறவங்க. போன வேலை ஒரு மனுசனுக்குத் திரும்பக் கிடைக்க எத்தனை நாளாகும்? எனக்கு எட்டு மாசமாச்சு. எங்கிட்டத்தான் ஏதோ குறைன்னு வீட்டுல நினைக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்போ எனக்கே அப்படித்தான் தோணுது."

"ஸபர் செய்யுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நான் நடந்துவிட்டேன். சொன்னது தவறான வார்த்தையன்று. ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஒரு காசும் செலவாகவில்லை, ஒரு நிமிடமும் ஆகவில்லை. அவருக்கு நான் பட்ட பதில் கடனாகவே நின்றுவிட்டது. அதைத் தீர்ப்பதற்கே இதை எழுதுகிறேன்.

உலகம் சொல்லும் கணக்கு

எத்தனை நாள் என்ற கேள்விக்கு உலகம் பல கணக்குகள் சொல்கிறது. 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை கேட்டு மனுச் செய்தவனுக்கு 15 நாட்களுக்குள் வேலை தரவேண்டும், தராவிட்டால் படி தரவேண்டும் என்று கூறியது. நம் ஊர்ப்புறங்களில் "நூறு நாள் வேலை" என்று சொல்வார்களே, அதுதான். மற்றொரு பக்கம், படித்த பிள்ளைகள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்துக் கொண்டு காத்திருக்கிறார்கள். தமிழக அரசின் உதவித்தொகைத் திட்டத்தில், பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 ரூபாயும் பட்டதாரிக்கு 600 ரூபாயும் என்று ஏற்பாடு. அதைக் கேட்பதற்கே பதிவு செய்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

ஒரு கணக்கு 15 நாள் என்கிறது. மற்றொரு கணக்கு 5 ஆண்டு என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு மனிதனின் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டப்பட வேண்டும், அடகில் இருக்கும் நகைக்கு வட்டி ஏறாமல் இருக்க வேண்டும்!

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்கு 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அந்த விண்ணப்பங்களில் எத்தனை மாதமாக வேலை இல்லை என்பதை மட்டும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தார்கள். மாதம் கூடக் கூட, நேர்முகத்துக்கு வரும் அழைப்பு குறைந்துகொண்டே போயிற்று. குறைவில் பெரும்பகுதி முதல் 8 மாதங்களுக்குள்ளேயே நேர்ந்துவிட்டது. அந்த முதலாளிகள் ஆளையே பார்த்ததில்லை. ஆயினும் காலண்டரைப் பார்த்து மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் தாளில் செய்ததைத்தான் நாம் ஹவுளின் ஓரத்தில் உட்கார்ந்து செய்கிறோம்.

ஒரே நாளில் போன வேலைகள்

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இது புதிய அனுபவமா? நம்முடைய முன்னோர்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்கள், கணக்கெழுதியவர்கள். 1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது ஒரு தலைமுறையின் உழைப்பு அங்கேயே நின்றுபோயிற்று. 1990 ஆகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் தாயகம் கொண்டு வரப்பட்டனர். சவூதி அரேபியாவில் 2011-இல் வந்த நிதாகத் விதி 2013-இல் கடுமையாக்கப்பட்டபோது பலர் வேலையை விட்டுத் திரும்பினார்கள். 2020 மே 7-ஆம் தேதி முதல், கொரோனாவில் வெளிநாடுகளில் தவித்தவர்களை ஏற்றி வரும் விமானங்கள் இறங்கத் தொடங்கின.

சிந்தித்துப் பாருங்கள்! ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழக்கிறார்கள் என்றால், அத்தனை பேரும் ஒரே வாரத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்களா? ஆயிரம் பேர் ஒன்றாகத் திரும்பி வந்து, ஊரில் நூறு வேலைகளே இருக்கும்போது, தொள்ளாயிரம் பேர் காத்திருக்கத்தானே வேண்டும்? மழை பொய்த்து மிளகாய் கருகிய ஆண்டில் கமுதி வட்டாரத்துக் கூலிக்காரர் வேலையின்றி இருந்தால், அவருடைய கைகளில் குறை என்று எவரேனும் சொல்வாரா? நிலத்தைப் பார்த்துப் பேசுகிற நாம், சபுராளி விஷயத்தில் மட்டும் ஆளைப் பார்த்துப் பேசுகிறோம்.

குறை யாருடையது?

வேலையில்லாத காலம் நீளும்போது மனத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் தோன்றும்.

முதலாவது, "அல்லாஹ் என்னைக் கைவிட்டுவிட்டான், என்னுடைய ரிஜ்கை நெருக்கிவிட்டான், நான் இழிவானவன்" என்னும் எண்ணம். ஸூரா அல்ஃபஜ்ரில் (89:15-17) வல்ல நாயன் இந்த எண்ணத்தையே எடுத்துக் காட்டி மறுக்கின்றான். செல்வம் வந்தால் தன்னைக் கண்ணியப்படுத்தினான் என்றும், நெருக்கடி வந்தால் தன்னை இழிவுபடுத்தினான் என்றும் மனிதன் பேசுகிறான். இரண்டுமே அப்படியல்ல என்று கூறிய உடனே, திருமறையின் பேச்சு அநாதையைக் கண்ணியப்படுத்தாதவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. கவனியுங்கள்! நெருக்கடியில் இருப்பவனை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தும் உதவாதவர்களையே அங்கே கண்டிக்கின்றான்.

இரண்டாவது, "கிடைப்பது கிடைக்கும் நேரத்தில் கிடைக்கும்" என்று முடங்கிக் கிடப்பது. இதற்குத் தவக்குல் என்று பெயர் வைத்துக் கொள்வாரும் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் தவக்குலுக்குப் பறவையை உவமை காட்டினார்கள். அப்பறவை காலையில் வெறும் வயிற்றோடு கூட்டை விட்டுப் புறப்படுகிறது, மாலையில் வயிறு நிறைந்து திரும்புகிறது. புறப்படாத பறவை அந்த உவமையில் இல்லை. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புறப்படுவதுதான் பறவையின் வேலை. எந்த மரத்தில், எத்தனையாவது நாழிகையில் இரை கிடைக்கும் என்பது அதன் கையில் இல்லை.

ஆகவே, முயற்சி மனிதனுடையது, தவணை அவனுடையதன்று. எதன் மீது ஒருவனுக்கு அதிகாரம் இல்லையோ, அதைக் கொண்டு அவனை அளப்பது அநீதி.

மத்யனின் நிழலும் மிஸ்ரின் சிறையும்

நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் வேலை தேடும் ஒருவரின் நிலையைக் காண்கிறோம் (28:22-28). மிஸ்ரிலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறி மத்யன் வந்து சேர்கிறார்கள். அங்கே தெரிந்தவர் எவருமில்லை. நீர்த்துறையில் இரண்டு பெண்கள் தம் ஆடுகளுடன் ஒதுங்கி நிற்கக் கண்டு, கூலி பேசாமல், கேட்காமல் தண்ணீர் காட்டி விடுகிறார்கள். பிறகு நிழலில் போய் அமர்ந்து, தன் ரப்பு எந்த நன்மையை இறக்கினாலும் அதற்குத் தான் தேவையுள்ளவன் என்று முறையிடுகிறார்கள். அந்த நிழலுக்குத்தான் அழைப்பு வருகிறது. பலமும் நம்பிக்கையும் உடையவர் என்று அந்தப் பெண்களில் ஒருவர் தன் தந்தையிடம் சிபாரிசு செய்கிறார். எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று ஒப்பந்தம் ஆகிறது.

வேலையின் கால அளவைச் சொன்ன திருமறை, வேலையின்றி அலைந்த நாட்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்லவில்லை. அந்த நாட்களில் மூஸா (அலை) என்ன செய்தார்கள் என்பதையே சொல்கிறது.

நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு இன்னும் கூர்மையானது. விடுதலையாகிச் செல்லும் சிறைத் தோழனிடம், உன் எஜமானனிடம் என்னைப் பற்றிச் சொல் என்றார்கள். அவன் மறந்துவிட்டான். அதனால் அவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையில் தங்க நேர்ந்தது (12:42). ஒரு நாட்டின் களஞ்சியத்தையே நிர்வகிக்கும் தகுதி உடையவர் அவர்! தாமதத்துக்குக் காரணம் தகுதிக் குறைவா? சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை, அவ்வளவே.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் உறுத்துகிறது. விடுமுறையில் வரும் நம் பிள்ளைகளிடம், உள்ளூர் வியாபாரிகளிடம், எத்தனை பேர் தம் பயோடேட்டாவை இரு கைகளாலும் நீட்டுகிறார்கள்! "பார்ப்போம், சொல்றேன்" என்று வாங்கிப் பையில் வைக்கிறோம். துவைத்த சட்டையிலிருந்து அது கூழாக வெளியே வரும்போதுதான் நினைவு வருகிறது. நமக்கு அது ஒரு தாள். அதைத் தந்தவரோ ஒவ்வொரு நாளும் கைபேசியைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். முடியாது என்றால் அன்றே முடியாது என்று சொல்லிவிடுவதும் ஓர் உதவிதான்.

பதினைந்து நாள் தவணை

வேலையில்லாத ஒருவருக்கு நாட்கணக்கில் தவணை சொன்ன ஒரு நிகழ்ச்சி ஹதீஸ் கிரந்தமாகிய அபூதாவூதில் உண்டு. நாம் அடிக்கடி மேடைகளில் கேட்பதுதான். ஆனால் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியது.

அன்ஸாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரிடம் முதலில் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதே. பாதியை உடுத்திப் பாதியை விரிக்கும் ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருக்கிறது என்றார். அவற்றைக் கொண்டு வரச் செய்து, தங்கள் திருக்கரத்தில் ஏந்தி, தாங்களே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். கூட்டிக் கேட்பவர் உண்டா என்று மீண்டும் கேட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கிக் குடும்பத்தாருக்குக் கொடுக்கவும், மற்றதற்குக் கோடாலி வாங்கி வரவும் சொன்னார்கள். வாங்கி வந்த கோடாலிக்குத் தம் கையாலேயே காம்பு மாட்டி, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்கள் தம் பார்வையில் படக்கூடாது என்றும் கூறி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார்.

"பார், உழைக்கச் சொன்னார்கள்!" என்பதோடு நாம் இதை முடித்து விடுகிறோம். விறகு வெட்டப் போ என்று சொல்வது எளிது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் நம் கமுதிச் சீமையில் விறகு வெட்டுவதும் கரிமூட்டம் போடுவதும் எத்தகைய உழைப்பு என்று நமக்குத் தெரியும். ஆனால் உழைக்கச் சொல்வதற்கு முன் நாயகம் (ஸல்) அவர்கள் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். அவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அதற்கு நல்ல விலை வரத் தாமே முயன்றார்கள். முதலில் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தார்கள். தொழிற்கருவிக்கு வழி செய்தார்கள். காம்பையும் மாட்டித் தந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகே "போ" என்றார்கள். காம்பு மாட்டித் தராதவனுக்கு, "போய் உழை" என்று அதட்ட என்ன உரிமை?

அந்தப் பதினைந்து நாள் தவணையைப் பற்றி எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. அது அவரை நெருக்கும் கெடு அன்று. அந்த நாட்களில் அவர் எவர் முன்னும் வந்து நின்று, எவ்வளவு கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்று பதில் சொல்லத் தேவையில்லை. விசாரணை இல்லாத பதினைந்து நாட்களை அவருக்குக் கொடுத்தார்கள். நாமோ ஐந்து வக்திலும் விசாரிக்கிறோம்!

அந்த விசாரணைக்கு ஒரு விலை இருக்கிறது. "எப்போ பயணம்?" என்று ஊர் கேட்கக் கேட்க, ஒருவன் எப்படியாவது புறப்பட்டுவிட வேண்டும் என்ற நிலைக்கு வருகிறான். அரசிடம் பதிவு பெற்ற முகவர்தானா என்று பாராமல் பணத்தைக் கொடுக்கிறான். ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒப்பமிடுகிறான். மனைவியின் கழுத்தில் மிச்சமிருந்ததும் வட்டிக்கடைக்குப் போகிறது. வெட்கம் தாளாமல் எடுத்த முடிவின் கடனை அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் அடைக்கிறது. ஹவுளின் ஓரத்தில் கேட்டவர்கள் அதில் ஒரு காசும் கட்டப் போவதில்லை.

நம் மீதுள்ள கடமை

கடன் கொடுத்தவர்களுக்குத் திருமறை ஒரு தவணை சொல்கிறது (2:280). கடன்பட்டவன் சிரமத்தில் இருந்தால் அவனுக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்க வேண்டும். மாதமோ ஆண்டோ குறிப்பிடப்படவில்லை. எல்லை வசதிதான். அதை விட்டுக் கொடுத்துவிடுவது இன்னும் மேலானது என்றும் கூறப்படுகிறது. வேலை போனவனின் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரும் முன், கடன் கொடுத்தவர் இந்த ஆயத்தை ஒரு முறை ஓதிக் கொள்ளட்டும்.

ஜமாஅத்தாருக்கும் கடமை உண்டு. கேட்க வெட்கப்படுபவர்களை, அறியாதவர்கள் வசதியுள்ளவர்களாக எண்ணிவிடுவார்கள், அவர்களை அடையாளத்தால்தான் அறிய முடியும் என்று திருமறை உணர்த்துகிறது (2:273). சபுராளி வீட்டில் நல்ல தரை இருக்கும், சுவரில் வர்ணம் இருக்கும். அரிசிப் பானைதான் காலியாக இருக்கும். முன் ஸஃப்பில் இருந்தவர் ஏன் பின் ஸஃப்புக்குப் போனார் என்று பார்ப்பதும் அடையாளம் அறிவதுதான். கைத்தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலுக்கான கருவியை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரமலானில் நூறு நூறாகப் பிரித்து நூறு கைகளில் வைக்கும் நாம், ஆண்டுக்கு இரண்டு பேருக்காவது ஒரு தையல் இயந்திரம், ஒரு தள்ளுவண்டி, ஒரு வெல்டிங் கருவி என்று கோடாலிக்குக் காம்பு மாட்டிக் கொடுக்கக் கூடாதா?

வேலை தேடும் சகோதரருக்கும் கடமை உண்டு. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்னும் சிற்றூரில் 1930-வாக்கில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. மரீ யஹோடாவும் அவருடன் இருவரும் அவ்வூரை ஆராய்ந்து 1933-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஓய்வு நேரம் மிகுந்தும் நூலகத்தில் நூல் எடுப்பது குறைந்துபோனதையும், ஆண்களின் நடைகூடத் தளர்ந்துபோனதையும் அவர்கள் கண்டார்கள். வேலை போனால் நாளின் வடிவமும் போய்விடுகிறது. நம்மிடமோ ஐந்து வக்துத் தொழுகை இருக்கிறது. ஃபஜ்ருக்குப் பின் ஒரு முயற்சி, ளுஹருக்கு முன் ஒரு வாசல் என்று நாளைக் கட்டிக் கொள்ளலாம். வீட்டில் பசி இருந்தால் சிறிய வேலையை இழிவென்று தள்ளக் கூடாது. கையிருப்பு இருந்தால், தகுந்த வேலைக்குச் சில மாதம் பொறுப்பது ஆணவமும் ஆகாது. எந்நிலையிலும், கையில் காசில்லாததை மனைவியிடம் மறைக்காதிருக்கட்டும். மறைத்த கடன்தான் வீட்டைப் பிரிக்கிறது.

கேள்வியை மாற்றுவோம்

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம், ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ, பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி காட்டுங்கள் என்றார்கள். கேட்காமலே கொடுக்க வந்த பெருந்தன்மையும், கொடுத்ததை வாங்காமல் வழி மட்டும் கேட்ட பெருந்தன்மையும் அங்கே ஒன்றையொன்று சந்தித்தன. "எப்போது வேலைக்குப் போகப் போகிறாய்?" என்று எவரும் எவரையும் கேட்கவில்லை.

முதலில் சொன்ன சகோதரரின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குப் பதினான்காம் மாதம் வேலை கிடைத்தது. வளைகுடாவுக்குப் போகவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருப்புக் கணக்கு. பழைய வருமானத்தில் பாதிக்கும் குறைவு. அதைப் பெற்றுத் தந்தது நானல்ல. பள்ளியில் அவருக்குப் பக்கத்தில் தொழுத ஒரு பெரியவர், ஒரு நாள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, "தம்பி, உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். எட்டு மாதமாக, பத்து மாதமாக ஊரே அவரிடம் "எப்போ?" என்று கேட்டது. "என்ன தெரியும்?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். வீட்டில் என்ன இருக்கிறது என்று அன்று மதீனாவில் கேட்கப்பட்ட கேள்வியும் இதே வகையைச் சேர்ந்ததல்லவா?

வேலை கிடைக்க எத்தனை நாள் என்று அவர் கேட்டதற்கு இன்றும் என்னிடம் எண்ணிக்கை இல்லை. ஆனால் அந்த நாட்களை ஒரு மனிதன் தலை குனிந்து கழிப்பதும், தலை நிமிர்ந்து கழிப்பதும் பாதி நம் கையில் இருக்கிறது என்று இப்போது சொல்வேன். அதைப் பற்றி நாளை நாம் கேட்கப்படுவோம்.

யா அல்லாஹ்! வேலை தேடி அலையும் எங்கள் சகோதரர்களுக்கு ஹலாலான ரிஜ்கின் வாசல்களைத் திறந்து வைப்பாயாக! அவ்வாசல் திறக்கும் வரை அவர்களின் மானத்தை எங்கள் நாவிலிருந்தும் எங்கள் பார்வையிலிருந்தும் காப்பாற்றுவாயாக! ஆமீன்.